அந்த இரண்டு அவுன்ஸ்

மண்ணில்லாமல் செடி வளர்ப்பதை நம் ஊரில் நேற்று வந்த சமாசாரமாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையைத் தாண்டினால் வரும் தெருக்களில், மொட்டைமாடிகளில் வெள்ளைப் பி.வி.சி. பைப்புகள் வரிசையாகக் கிடப்பதை இப்போது அங்கங்கே பார்க்க முடிகிறது. பைப்பில் வட்ட வட்டமாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வலைக்கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு லெட்யூஸ். கார்த்திகைக்கு முன்னும் பின்னும் வெளிநாட்டு அன்பர்கள் வந்து தங்கும் மாதங்களில் இந்தப் பக்கத்து உணவகங்களில் பச்சையாகத் தின்னும் இலைகளுக்குக் கிராக்கி உண்டு. அதை நம்பிப் போட்ட பைப்புகள் பல. வீட்டுக்கு மருந்தில்லாத கீரை வேண்டும் என்று போட்டவையும் உண்டு.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, மகளிர் குழுவில் கடன் வாங்கி அப்படி ஒரு பைப்புத் தோட்டம் போட்டார். விற்றவர்கள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாசி வரைக்கும் நன்றாக வந்தது. பங்குனிக் கடைசியில் இலை மஞ்சளாயிற்று. சித்திரையில் வேர் பழுப்பாகி, தொட்டால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அவர் கேட்ட கேள்வி இது: "தண்ணியிலயே நின்னுகினு இருக்குது, அப்புறம் ஏன் சார் வாடுது?"

சாதாரணக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இதற்குப் பதில் தேடி ஏறக்குறைய நானூறு வருஷம் ஆட்கள் செடியை எடை போட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இன்றைக்கு மொட்டைமாடியில் வருகிற ஒவ்வொரு கோளாறுக்கும் அதில் ஒரு முன்கதை இருப்பது தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பதுதான் ஐரோப்பாவில் நீண்டகாலம் இருந்த நம்பிக்கை. பிரஸ்ஸல்ஸில் பிறந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 169 பவுண்டுக்குச் சற்று மேல். மண்ணை உலர்த்தி எடை போட்டால் குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். அப்படியானால் மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-இல், இந்தச் சோதனை அச்சில் வந்தது.

முடிவு தவறு. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருவது. வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் வான் ஹெல்மாண்ட்தான். கரி எரியும்போது வரும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டு எழுதியவரும் அவரே. தன் மரம் எதைத் தின்றதோ அதற்குப் பெயர் வைத்தவருக்கு, அது மரத்துக்குள் போனது தெரியவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 2 அவுன்ஸ். 200 பவுண்டில் 2 அவுன்ஸ் என்பது தராசின் பிழை அளவுக்குத்தான் வரும். அவரும் அதை அப்படித்தான் கடந்து போயிருக்க வேண்டும். இன்றைய கணக்கில் அது 57 கிராம். மண்ணில்லா விவசாயத்தின் கதை முழுவதும் இந்த 57 கிராமைத் தேடிப்போன கதை என்று சொல்லலாம்.

அடுத்த அடி வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் வுட்வர்ட். 1691-இல் தொடங்கிய தன் சோதனைகளை 1699-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட செடி புதினா வகை. நம் வீடுகளில் சந்தையில் வாங்கிய புதினாவை ஆய்ந்துவிட்டு, தண்டை டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம், அவர் தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தார். மழைநீரில் வைத்த செடி 28¼ கிரெயினிலிருந்து 45¾ ஆயிற்று. தேம்ஸ் ஆற்று நீரில் 28 என்பது 54 ஆயிற்று. ஹைட் பார்க் குழாய்நீரில் கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கலக்கி வைத்தபோது 92 கிரெயின் செடி 376 ஆயிற்று, நான்கு மடங்கு. சுத்தமான தண்ணீரில் குறைவாகவும் கலங்கலில் அதிகமாகவும் வளர்கிறது. ஆக, செடிக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீரில் கரைந்து வரும் ஏதோ ஒன்று.

டம்ளர் புதினா இரண்டு வாரம் துளிர்த்துவிட்டு அப்புறம் ஏன் வெளிறுகிறது என்பதற்கும் காரணம் அதுவே. தண்டில் சேமித்து வைத்திருந்தது தீர்ந்துவிட்டது. ஜன்னலோரத்து டம்ளரில் அந்த 2 அவுன்ஸ் இல்லை.

*

அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியல் கண்டுபிடித்தது. 1860 வாக்கில் ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியுஸ் ஸாக்ஸ், சில உப்புகளைக் கரைத்த தண்ணீரிலேயே செடியை வளர்த்துக் காட்டினார். அவர் காலத்து வேதியியலாளர் வில்ஹெல்ம் க்னோப் ஒரு செய்முறையைக் கொடுத்தார். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் இரும்பு. இவ்வளவுதான். மெக்னீசியம் சல்பேட் என்பது மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு. பொட்டாசியம் நைட்ரேட் நம் வெடியுப்பு. பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகத் துப்பாக்கி மருந்துக்கு ஏற்றிக்கொண்டு போன அதே உப்பு. இன்றைக்குக் கடையில் 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டில்களாக விற்கும் ஊட்டக்கரைசல், க்னோப்பின் பட்டியலோடு சில நுண்சத்துகள் சேர்ந்தது. அதற்கு மேல் அதில் ரகசியம் கிடையாது.

ஏன் இரண்டு பாட்டில்? இதைத் தெரியாமல்தான் பலர் இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டு அடியில் வெள்ளையாகத் தங்கிவிட்டது என்கிறார்கள். கால்சியமும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் ஜிப்சம் ஆகிப் படியும். கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தாலும் படியும். படிந்தது செடிக்குப் போகாது. ஆகவே கால்சியம் தனிப் பாட்டில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் தனிப் பாட்டில். முதலில் பக்கெட்டில் தண்ணீர், அப்புறம் ஒன்றை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன் பிறகே மற்றது.

இரும்பின் கதை தனி. 1840-களில் பிரான்சில் யூஸெப் க்ரீ என்பவர், வெளிறிய இலைகளில் இரும்பு உப்புக்கரைசலைத் தடவினால் பச்சை திரும்புகிறது என்று காட்டினார். ஆனால் கரைசலில் இரும்பைத் தக்கவைப்பது பெரும்பாடாக இருந்தது. போட்ட இரண்டு நாளில் துருவாகப் படிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். ஒரு நூற்றாண்டு இப்படியே போயிற்று. 1951-இல் லூயி ஜேக்கப்சன் இரும்பை ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்துக் கொடுத்தால் ஒரே தடவையில் போதும் என்று எழுதினார். அதுவும் கரைசலின் புளிப்பு சரியாக இருந்தால் மட்டுமே. பி.எச். 6.5-ஐத் தாண்டத் தாண்ட ஈ.டி.டி.ஏ.வின் பிடி தளர்ந்துவிடும்.

இதை வைத்து இலையைப் படிக்கலாம். அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது என்று பொருள். முதிர்ந்த இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையில் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் மேலே கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. இரும்பைச் செடியால் இடம் மாற்ற முடியாது, அதனால் கொழுந்துதான் முதலில் பட்டினி கிடக்கிறது. இப்போது இரும்பை வாங்கிக் கொட்டுவதற்கு முன்னால் பி.எச். பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரும்பு இருக்கும், கரையாமல் இருக்கும்.

*

ஆய்வுக்கூடத்தில் எழுபது வருஷம் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 1929-இல் பெரிய அளவில் செய்யலாம் என்று எழுதினார். 25 அடி உயரத்துக்குத் தக்காளிக்கொடி வளர்த்துப் பத்திரிகைகளில் பெயர் வாங்கினார். 1937-இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தியவரும் அவரே. சொல்லை யோசித்துக் கொடுத்தவர் அவருடைய சக பேராசிரியர் செட்செல். கிரேக்கத்தில் நீர், உழைப்பு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. உழைப்பு என்ற பாதியை அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அப்போதும் இப்போது நடப்பதேதான் நடந்தது. மண்ணைவிடப் பல மடங்கு விளையும், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று உப்புப் பொட்டலம் விற்பவர்கள் கிளம்பினார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் சோதித்துப் பார்த்து 1938-இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் 'ஹோக்லண்ட் கரைசல்' அதில் இருக்கிறது. ஆனால் அதன் சாரம் விற்பவர்களுக்கு உவப்பானதல்ல. வெயில், வெப்பம், காற்று, இடைவெளி எல்லாம் ஒன்றாக இருந்தால், நல்ல மண்ணில் விளைவதைவிடத் தண்ணீரில் அதிகமாக விளையாது. நல்ல மண் இல்லாத இடத்தில்தான் இதற்கு வேலை. வேருக்குக் காற்று கிடைக்கச் செய்வது எவ்வளவு முக்கியம் என்பதையும் அதில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தெரு அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் துகளுக்குத் துகள் இடைவெளியில் காற்று உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் கதி. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் வேண்டும், ஆனால் இருப்பு குறைகிறது. அந்த நேரம் பார்த்து பித்தியம் என்ற அழுகல் பூஞ்சாண வகை நுழைகிறது. வேர் பழுப்பாகி வழுக்குவது அதனால்தான். வேர் செத்த பிறகு செடி தண்ணீரில் நின்றாலும் தாகத்தில்தான் நிற்கிறது.

அவர் மாடியில் சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டபோது 36 டிகிரி காட்டியது. "கை வெச்சா வெந்நீர் மாதிரிதான் இருக்கும் சார், பழகிப்போச்சு" என்றார். கருப்புத் தொட்டி, தளத்தின் மேல் நேராக வைத்தது. பைப்பு வேறு நாள் முழுக்க வெயிலில்.

*

அந்தப் பைப்பு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் தெற்குக் கரையிலுள்ள லிட்டில்ஹாம்ப்டனில் கண்ணாடிக்குடில் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஆலன் கூப்பர், 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும், சாய்வான கால்வாயில் ஊட்டநீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, வேரின் மேல்பாதி காற்றிலும் கீழ்பாதி நீரிலும் இருக்கும்படி ஒரு முறையை உருவாக்கினார். அருமையான யோசனைதான். பிளாஸ்டிக் மலிவானதும் அது உலகம் சுற்றியது. ஆனால் அது குளிரை எதிர்த்துக் கண்ணாடி கட்டிக்கொண்ட ஊரின் முறை. மின்சாரம் நிற்காது என்பதும் அதற்குள் ஒரு அனுமானம். படலத்துக்குக் கையிருப்பு கிடையாது. பம்ப் நின்றால் நம் கோடையில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் செடி தலை சாய்ந்துவிடும்.

இந்தியாவில் தொடங்கிய முறை வேறு. அது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர், வங்காள அரசாங்கத்துக்காக டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் மண்ணில்லா விவசாயச் சோதனைகளைத் தொடங்கினார். 1943-இன் பெரும் பஞ்சம் அப்போதுதான் முடிந்திருந்தது. மேற்கிலிருந்து வந்த முறைகளில் பம்ப், தொட்டி, இரசாயனப் பரிசோதனை என்று சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் கழித்துவிட்டு எது மிஞ்சுகிறது என்று பார்த்தார். மிஞ்சியது: ஒரு தொட்டி, அதில் பொடிச்சல்லியும் மணலும் கலந்த படுகை, உலர்ந்த உப்புக் கலவையை அளந்து செடிகளுக்கு இடையே தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிப்பது. பம்ப் இல்லை, கரைசல் தொட்டி இல்லை, சுற்றோட்டம் இல்லை. சல்லிக்கு நடுவே காற்று தானாகவே இருக்கிறது. 'வங்காள முறை' என்றே இதற்குப் பெயர் வந்தது. 1951-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய புத்தகமும் அந்தப் பெயரிலேயே வந்து, பல பதிப்புகள் கண்டது.

நிலமில்லாதவனுக்காக, மின்சாரம் இல்லாத வீட்டுக்காக, இந்த நாட்டு வெயிலிலும் மழையிலும் சோதித்த ஒரு முறை 75 வருஷத்துக்கு முன்பே இங்கே அச்சில் இருந்தது. இன்று கடன் வாங்கித் தொடங்குகிற ஒருவருக்குக் கிடைப்பது லிட்டில்ஹாம்ப்டனின் பைப்பு. காரணம் ஒன்றும் சதியில்லை. பைப்பை, பம்பை, டைமரை விற்க முடியும். சல்லியும் பூவாளியும் வைத்து யாரும் கடை போட முடியாது. ஆனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில்.

*

திருவண்ணாமலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இது பாறை ஊர். மலையும் பாறை, தெருவுக்கு அடியிலும் பாறை. பாறை இடுக்குகளில் தங்கி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும் போர் தண்ணீர் பெரும்பாலான தெருக்களில் கடினநீர். குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைப் பார்க்கலாம். அந்த அம்மா வீட்டுத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் 800-ஐத் தாண்டியது, உரம் போடுவதற்கு முன்னாலேயே. மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்த தண்ணீரில், மீட்டர் காட்டும் எண்ணை நம்பி உரத்தைக் குறைத்தால் செடி பட்டினி. உரத்தை முழுதாகப் போட்டால் உப்பு மிகுதி. கூடவே, கடினநீரிலுள்ள பைகார்பனேட் பி.எச்.சைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளும். காலையில் எலுமிச்சை உப்புப் போட்டு 6-க்கு இறக்கினால் ஓரிரண்டு நாளில் மறுபடி 7.5. இதில்தான் அவருடைய கொழுந்து மஞ்சளானது. இரும்பு பாட்டிலில் இருந்தது, பைப்பில் துருவாகியிருந்தது.

ஆர்.ஓ. தண்ணீர் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிடக் கூடுதலாகக் கழிவுநீரை வெளியே விடுகிற வீட்டு இயந்திரங்கள்தான் அதிகம். தண்ணீரை மிச்சப்படுத்த வந்த முறைக்குத் தண்ணீரை வீணாக்கித் தீனி போடுவது சரியாகப் படவில்லை. இதற்கு நம் கையிலேயே பதில் இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது மாடியிலிருந்து இறக்கிய குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையை இரண்டு மூடிய பேரல்களில் பிடித்தால், கீரைக்கு வேண்டிய மென்னீர் சில மாதம் வரும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலும் கடினம் பாதியாகிவிடும்.

ஆகவே தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். சித்திரையில் தொடங்காதீர்கள், ஐப்பசியில் தொடங்குங்கள். பைப்பு வேண்டாம், ஒரு 10 லிட்டர் பக்கெட் போதும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் க்ராட்கி எளிமையாக்கிப் பரப்பிய முறை இது. மூடியில் ஓட்டை போட்டு வலைக்கிண்ணத்தில் நாற்றை வையுங்கள். கிண்ணத்தின் அடி நனையும் அளவுக்கு ஊட்டநீர். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இறங்கிய இடத்தில் காற்று வரும், அந்தக் காற்றில் மேல்வேர் மூச்சு விடும். மறுபடி விளிம்புவரை ஊற்றிவிடக் கூடாது. ஊற்றினால் காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிவிடும். கீரைக்கு லிட்டருக்கு 1 முதல் 1.5 கிராம் உப்பு. வான் ஹெல்மாண்டின் மண்ணில் காணாமல் போன 57 கிராமை வைத்து இப்படி நாலைந்து பக்கெட் தயாரிக்கலாம். மின்கடத்துத்திறன் மீட்டர் இருந்தால் 1.2-இலிருந்து 1.8-க்குள், பி.எச். 5.5-இலிருந்து 6.5-க்குள். வெளிச்சம் உள்ளே புகாதபடி பக்கெட்டுக்குக் கருப்பு அடித்து, சூடு ஏறாமலிருக்க அதன்மேல் வெள்ளை அடியுங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி வந்து செடியின் உப்பைத் தான் தின்னும். முதல் பயிர் புதினா அல்லது பசலை. லெட்யூஸ் பிறகு பார்க்கலாம். அதன் கொழுந்து ஓரம் கருகினால் கால்சியத்தை ஊற்றாதீர்கள்; காற்றோட்டமும் நிழலும் கொடுங்கள். பெரும்பாலும் கால்சியம் தண்ணீரில் இருக்கும், கொழுந்துக்கு ஏறவில்லை என்பதே சிக்கல்.

கோடைக்குக் காலிம்பாங் முறைதான் பொருந்தும். சல்லித்தொட்டி ஒரு கன அடிக்கு 40 கிலோவைத் தாண்டும், பழைய மாடிகள் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். சல்லிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகமெங்கும் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறும் சரக்கு அது. நமக்கு லாரியில் வந்தால் போதும். அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. இரண்டு மூன்று தடவை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒருநாள் ஊறவைத்த பிறகே நட வேண்டும். அலசாமல் நட்டால் நுனி கருகும்.

அந்த அம்மா வைகாசியில் பம்பை நிறுத்தினார். பைப்புகளை அடுக்கி வைத்துவிட்டு, பச்சை நிழல்வலையின் கீழே நார்க்கழிவுத் தொட்டிகளில் புதினாவும் பசலையும் போட்டார். உரத்தை அளவுக் கரண்டியில் தூவித் தண்ணீர் தெளிக்கிறார். ஐப்பசியில் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் இறக்கி, மழைநீரில் லெட்யூஸ் போட்டார்; அது வந்தது, விற்றது. கடன் அதனால் அடைந்துவிடவில்லை. தவணையில் பெரும்பங்கைக் கட்டியது தையல் மிஷின்தான். "கீரை நம்ம சாப்பாட்டுக்கு ஆச்சு சார். கம்பெனிக்காரன் சொன்ன கணக்கு மட்டும் எங்க போச்சுன்னு தெரியல" என்றார். அந்தக் கணக்கு 1938-இலேயே தவறு என்று அச்சில் வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். "அத முன்னயே ஒருத்தரும் சொல்லலியே."

*

இவ்வளவுக்கும் பிறகு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2 அவுன்ஸ்தான் மண்ணிலிருந்து செடிக்குப் போகிறது என்றால் மீதி 199 பவுண்டுச் சொச்சம் எதற்கு? அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு கூடினால் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்கிறது, குறைந்தால் கொடுக்கிறது. பி.எச். ஏறினால் தடுக்கிறது. வெயிலில் ஒரு சாண் ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுகலைத் தம்முள் சண்டை போட்டு மட்டுப்படுத்துகின்றன. மண்ணில் செய்த கோளாறு தெரிய வாரக்கணக்கில் ஆகும். தண்ணீரில் ஒரு பிற்பகல். மண்ணைக் கழித்துவிட்டால் அது செய்துகொண்டிருந்த அத்தனை வேலையையும் நாம் மீட்டர் வைத்துக்கொண்டு தினமும் செய்ய வேண்டும். கெரிக்கியின் சொல்லில் இருந்த உழைப்பு இதுதான்.

இந்த மலைக்கு ஒரு கீரைக் கதை உண்டு. ரமணர் மலைமேல் குகையில் இருந்த நாட்களில் கீரைப்பாட்டி என்று ஒரு மூதாட்டி, குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் தங்கி, மலையில் முளைத்த கீரைகளைப் பறித்துச் சமைத்து அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பாராம். பின்னாளில் ஆசிரமத்துக்கு வந்த லட்சுமிப் பசுவை அந்தப் பாட்டியின் மறுபிறவி என்று அன்பர்கள் நம்பினார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும், நிலமோ காசோ இல்லாத ஒரு கிழவிக்கு இன்னொருவருக்குக் கொடுக்கும் அளவுக்குக் கீரை கிடைத்தது. விதைத்தவர் இல்லை, உரமிட்டவர் இல்லை. பாறைமேல் அரையடி மண் அதைச் செய்தது. அந்த அரையடி பல இடங்களில் மழையோடு இறங்கிப் போய், மலை மொட்டையாகி, பிறகு பல ஆண்டுகளாக மரம் நட்டு மண்ணைத் திரும்பப் பிடித்து வைக்கும் வேலை இங்கே நடந்திருக்கிறது.

மண்ணில்லாமல் பயிர் செய்யக் கற்றுக்கொடுத்த ஷோல்டோ டக்ளஸ் அதோடு நிற்கவில்லை. 1976-இல் ராபர்ட் ஹார்ட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் காட்டுப் பண்ணையத்தைப் பற்றியது. சரிவுகளிலும் வறண்ட நிலங்களிலும் உணவு தரும் மரங்களை வளர்ப்பது அதன் பொருள். ஒன்று மற்றதற்கு எதிரானது என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. சல்லித்தொட்டி, மண் இல்லாதவனுக்கு. காடு, மண் இருக்கும் இடத்தில் அது போகாமலிருக்க.

வாடகை மாடியில் குடியிருப்பவருக்கு மண் கிடையாது. பக்கெட்டில் நாலு புதினா வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கெட்டில் போடுவது 15 கிராம் உப்பு என்பதையும், மீதி வேலை தன்னுடையது என்பதையும் தெரிந்துகொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.